தீபாவளி முடிந்ததும் ஏன் மறுபடியும் அழுகை? கொழும்பில் நேர்சரிக்குப் பழகும் பிள்ளைகள்

தீபாவளி விடுமுறை முடிந்து நேர்சரிகள் மறுபடி திறக்கும் காலை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இயங்கும் நேர்சரியின் கேற்றடியில் ஓட்டோ ஒன்று வந்து நிற்கிறது. உள்ளே இருக்கும் மூன்றரை வயதுப் பிள்ளை இறங்க மறுக்கிறது. தாயின் சல்வார் துணியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "வீட்ட போவம்" என்று அழுகிறது.

தாய்க்கு இது விளங்கவில்லை. ஆண்டு தொடக்கத்தில் இதே பிள்ளை இதே கேற்றடியில் மூன்று வாரம் அழுதது உண்மை. பிறகு பழகிவிட்டது. வாணி விழாவன்று பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு மற்றப் பிள்ளைகளுடன் நின்று பாட்டுப் பாடியது. இப்போது நான்கைந்து நாள் வீட்டில் நின்றுவிட்டு வந்தவுடன் மறுபடியும் அழுகை. "என்ன ரீச்சர், முதல்ல இருந்து தொடங்கப்போகுதோ?" என்று கேட்கிறார். ஆசிரியைக்கு இது புதிதல்ல. ஒவ்வோர் ஆண்டும் இந்த நாட்களில் ஏழெட்டுப் பெற்றோராவது இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

2025 ஒக்டோபரை எடுத்துப் பார்த்தால் காரணத்தில் பாதி நாட்காட்டியிலேயே இருக்கிறது. முதலாம் திகதி சிறுவர் தினம். இரண்டாம் திகதி விஜயதசமி. ஆறாம் திகதி திங்கட்கிழமை வப் போயா விடுமுறை. இருபதாம் திகதி, அதுவும் திங்கட்கிழமை, தீபாவளி. பெரியவர்களுக்கு இவை இரண்டு நீண்ட வாரஇறுதிகள், அவ்வளவுதான். மூன்று வயதுப் பிள்ளைக்கோ, கிழமைக்கு ஐந்து நாள் என்று பழகிய ஒழுங்கு இருபது நாட்களுக்குள் இரண்டு மூன்று தரம் குலைகிறது. அந்த வயதில் கிழமையும் திகதியும் மனதில் இல்லை. "எழும்பினால் பல் தீட்டுவது, பிறகு சட்டை, பிறகு ஓட்டோ, பிறகு ரீச்சர்" என்ற வரிசைதான் இருக்கிறது. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை நேர்சரியில் நம்பிக்கையோடு நிற்கிறது.

விடுமுறையில் வரிசை மட்டும் மாறவில்லை, வீடே மாறிவிடுகிறது. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் சேர்ந்த குடும்பங்களில் பலவற்றுக்கு ஊர் என்றால் ஹட்டனும் நுவரெலியாவும் பதுளையும்தான். மலையகத்தில் தீபாவளியே ஆண்டின் பெரிய பண்டிகை. தோட்டங்களில் தீபாவளி முற்பணம் என்று தனியாக ஒன்று இருப்பதே அதன் எடையைச் சொல்லும். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்பவர்கள் பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். அங்கே பிள்ளைக்கு அப்பாயி, அம்மாயி, சித்தப்பா, அத்தை, பத்துப் பதினைந்து மச்சான் மச்சாள்மார். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் நிலைமை வேறு விதம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மாவும் அம்மப்பாவும் வந்து தங்குவார்கள், அல்லது குடும்பம் இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்வரும். சில வீடுகளுக்கு டொரன்டோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் மாமா, சித்தி என்று ஆள் வரும். நாள் முழுவதும் யாராவது ஒருவரின் இடுப்பில் இருந்த பிள்ளை, அடுத்த திங்களோ செவ்வாயோ, இருபது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியைகள் உள்ள அறைக்குத் திரும்புகிறது. அழாவிட்டால்தான் ஆச்சரியம்.

பிரிவுக்குப் பயப்படுவது பிள்ளையின் கெட்ட பழக்கம் இல்லை. பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதைத்தான் விரிவாக எழுதினார். ஆபத்து என்று தோன்றும்போது தன்னைக் காப்பவரின் அருகில் ஓடிவருவது மனிதக் குட்டிக்கு இயற்கை கொடுத்த பாதுகாப்பு. ஒன்பது பத்து மாதத்தில் தலைகாட்டும் அந்தப் பயம் மூன்று நான்கு வயதில் தணிந்துகொண்டு வரும், ஆனால் மறைந்துவிடாது. புது இடம், காய்ச்சல், தூக்கக் குறைவு, வீட்டில் ஒரு தம்பி தங்கை பிறப்பது, நீண்ட விடுமுறை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அதை மறுபடி எழுப்பிவிடும். ஒருமுறை பழகிய பிள்ளைக்கு இரண்டாவது முறை பழக முன்னைய அளவு காலம் தேவைப்படாது. ஜனவரியில் மூன்று வாரம் எடுத்தது ஒக்டோபரில் மூன்று நான்கு நாளில் முடிந்துவிடுவதுதான் வழமை.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 24 மணித்தியாலத்தில் 10 முதல் 13 மணித்தியாலம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. தீபாவளி இரவில் கொட்டாஞ்சேனைச் சந்துகளில் சீன வெடி ஓயும்போது பதினொரு மணி தாண்டிவிடும். விடிய எண்ணெய் முழுக்குக்கு எழுப்புவார்கள். திரும்பி வரும் பயணம் இரவில். கேற்றடியில் அழும் பிள்ளைகளில் ஒரு பகுதி உண்மையில் நித்திரைக்கு அழுகிறது. விடுமுறையின் கடைசி இரண்டு இரவுகளிலாவது பழைய நேரத்துக்குப் படுக்க வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

ஜேர்மனியில் 1980களில் உருவான ஒரு முறை உண்டு. பேர்லின் முறை என்று அதைச் சொல்கிறார்கள். முதல் மூன்று நாள் தாயோ தகப்பனோ பிள்ளையுடன் வகுப்பிலேயே இருப்பார், ஆனால் ஒதுங்கி இருப்பார். பிள்ளையை விட்டு நகர்வதில்லை, விளையாட்டுக்கும் இழுப்பதில்லை. நான்காம் நாள்தான் முதல்முறையாக, அதுவும் சில நிமிடங்கள், வெளியே போவார். பிள்ளை ஆசிரியையிடம் ஆறுதல் அடைகிறதா என்று பார்த்தே அடுத்த நாளின் நேரம் கூட்டப்படும். கொழும்பில் இதை அப்படியே செய்ய முடியாது. பெரும்பாலான நேர்சரிகள் ஒரு வீட்டின் முன் அறைகளில் நடப்பவை. இருபது தாய்மார் உட்கார இடமில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு கிழமை லீவு எடுக்க வழியில்லை. ஆனால் அந்த முறையின் உள்ளே இருக்கும் எண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை ஒரு கட்டடத்துக்குப் பழகுவதில்லை, ஒரு ஆளுக்குப் பழகுகிறது. ஆகவே எந்த ரீச்சர் காலையில் கேற்றடியில் கையைப் பிடிக்கிறாரோ அவரே முதல் சில வாரம் தினமும் பிடிக்கட்டும். இதற்குப் பணமும் இடமும் வேண்டாம், நேர்சரி நடத்துபவரின் தீர்மானம் போதும்.

பெற்றோர் செய்யும் பெரிய தவறு ஒளித்து ஓடுவது. "அங்க பார், பூனை" என்று காட்டிவிட்டு அம்மா மறைந்துவிடுகிறார். அன்று அழுகைச் சத்தம் குறைவாகத்தான் இருக்கும். அடுத்த நாளிலிருந்து பிள்ளை பூனையைப் பார்க்காது, அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கும். குளியலறைக்குப் போனாலும் பின்னால் வரும். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நீட்டி முழக்காமல் ஒரு முத்தம், ஒரு கையசைப்பு, அதே இரண்டு வசனம். "பன்னிரண்டு மணிக்கு வருவன்" என்பதில் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. "சாப்பிட்டு, பாட்டுப் பாடி, சப்பாத்துப் போட்டாப் பிறகு அம்மம்மா வருவா" என்றால் அது பிடித்துக்கொள்ளக்கூடிய கயிறு. சொன்னபடி வரவும் வேண்டும். பம்பலப்பிட்டியில் வாகன நெரிசல் என்பது பிள்ளைக்கு விளங்கும் காரணம் அல்ல.

கொழும்புக்கே உரிய ஒரு சிக்கல் மொழி. வெள்ளவத்தையில் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையைப் பல பெற்றோர் ஆங்கில மூல நேர்சரியில் சேர்க்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரே வகுப்பில் தமிழ், சிங்களம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் முஸ்லிம், கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். புது மொழிக்குள் தள்ளப்பட்ட சின்னப் பிள்ளைகள் சில வாரம், சிலவேளை சில மாதம், வாயே திறக்காமல் இருப்பதுண்டு. பிள்ளை மொழி கற்பதை ஆராய்பவர்கள் இதை மௌனக் காலம் என்கிறார்கள். காது வேலை செய்துகொண்டிருக்கிறது, வாய் பொறுத்திருக்கிறது. வீட்டில் நன்றாகப் பேசி, நேர்சரியில் மட்டும் பேசாத பிள்ளையை உடனே குறைபாடுள்ளதென்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அதற்காக வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறுவது எதிர்மாறான வேலை. அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் சொல்லும் மொழியையும் பறித்ததாகிவிடும்.

இதில் மிகச் சிறிய, யாரும் பேச வெட்கப்படும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு வீட்டில் "சலம் வருது" என்பார்கள். இன்னொரு வீட்டில் "ஒண்ணுக்கு". சிங்கள வீட்டில் வேறு. ஆசிரியைக்குத் தெரிந்தது ஒன்றாகவும் பிள்ளை சொல்வது இன்னொன்றாகவும் இருந்தால் உடுப்பு நனைகிறது, மற்றப் பிள்ளைகள் சிரிக்கின்றன, அடுத்த நாள் "நேர்சரிக்கு வேண்டாம்" என்ற அழுகை தொடங்குகிறது. பெற்றோர் காரணத்தை எங்கெங்கோ தேடுவார்கள். சேர்க்கும் நாளிலேயே அந்த ஒரு சொல்லை ஆசிரியையிடம் சொல்லிவைத்தால் போதும்.

இந்தப் பண்டிகைக் காலத்துக்குள் கல்வியின் தொடக்கமும் இருக்கிறது. விஜயதசமியன்று ஏடு தொடக்குவது நம்மவர் வழக்கம். தைப்பூசத்திலும் தொடக்குவார்கள். சிங்கள அயலவரிடமும் சுபநேரம் பார்த்து முதலெழுத்து வாசிப்பிக்கும் வழக்கம் உண்டு, ஆகவே சிங்கள ஆசிரியைக்கும் இது புதிரல்ல. இலங்கையில் விஜயதசமி பொது விடுமுறை அல்ல. எனவே காலையிலேயே வெள்ளவத்தை மயூரபதி அம்மன் கோயிலிலும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலிலும் பிள்ளைகளோடு பெற்றோரைக் காணலாம். அடுத்த ஜனவரியில் நேர்சரிக்குப் போக இருக்கும் பிள்ளைகளே இவர்களில் அதிகம்.

அந்தச் சடங்கைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பிள்ளை தனியே உட்காருவதில்லை, தாத்தாவின் அல்லது குருக்களின் மடியில் இருக்கிறது. முன்னால் தாம்பாளத்தில் பச்சையரிசி. பெரியவரின் கை பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுகிறது. பென்சில் இல்லை. பிழை திருத்தும் சிவப்புப் பேனை இல்லை. அரிசியைத் தட்டினால் எழுத்து அழிந்துபோகும், யாருக்கும் வருத்தமில்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்து வாயில் கற்கண்டு விழுகிறது. எழுத்து என்பது பாதுகாப்பான மடியில், விரல் நுனியில், இனிப்போடு தொடங்குகிறது.

மரியா மொன்டிசோரி 1907இல் உரோமில் தொடங்கிய சிறுவர் இல்லத்திலும் பிள்ளைகள் எழுத்தைப் பழகியது விரலால்தான். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்த பிறகே பென்சில். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர்க் காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கவேண்டி வந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். கொழும்பில் நேர்சரி என்றாலே மொன்டிசோரி என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் இங்கே ஊன்றிவிட்டது. ஆனால் அந்தப் பெயர் எவருடைய தனியுடைமையும் அல்ல, பலகையில் யாரும் எழுதலாம். பலகையில் மொன்டிசோரி என்று எழுதிவிட்டு, உள்ளே மூன்று வயதுப் பிள்ளைக்கு இரட்டைக் கோட்டுக் கொப்பியில் நாலு பக்கம் 'அ' எழுத வீட்டுவேலை கொடுக்கும் இடங்கள் நகரத்தில் குறைவில்லை. நடத்துபவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. "பிள்ளை சும்மா விளையாடிப்போட்டு வருது, காசு எதற்கு?" என்று கேட்பவர்கள் பெற்றோர்தான்.

காசு என்பதும் நியாயமான கேள்வி. இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை என்பதே அதன் பேச்சாக இருந்தது. இன்று அரச பாடசாலை முதலாம் தரத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் தனியாரிடம். 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைக்குரிய விடயம். பதிவும் மேற்பார்வையும் இருந்தாலும், வகுப்பறைக்குள் பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது என்பதைத் தீர்மானிப்பது நடத்துபவரும் கட்டணம் செலுத்தும் பெற்றோருமே.

பெற்றோரின் அவசரத்துக்குப் பின்னால் முதலாம் தர அனுமதி என்ற பயம் நிற்கிறது. அரச பாடசாலையில் இடம் கிடைப்பது பிள்ளை எழுதும் அழகைப் பொறுத்ததே அல்ல. ஜனவரி 31ஆம் திகதியில் ஐந்து வயது பூர்த்தியாகி இருக்க வேண்டும். பிறகு வீட்டின் தூரம், பெற்றோர் பழைய மாணவரா, சகோதரர் படிக்கிறாரா என்ற பிரிவுகள். அருகில் வசிப்போருக்கே பாதி இடங்கள். முதலாம் தரத்தின் தொடக்க வாரங்களும் விளையாட்டின் வழியாகப் பிள்ளையை அறிந்துகொள்ளத்தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சில தனியார் பாடசாலைகளில் பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இருப்பது உண்மை. அங்கேயும் அழாமல் ஓர் அந்நியரோடு ஐந்து நிமிடம் இருக்கக்கூடிய பிள்ளைக்கு, அகரவரிசை முழுவதும் எழுதத் தெரிந்தும் அம்மாவை விட்டு இறங்காத பிள்ளையைவிட அந்த நாள் சுலபமாகப் போகும்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பென்சிலை அகப்பைபோல முழுக் கையாலும் பிடிக்கின்றன. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் பிடிக்கும் பிடி நான்குக்கும் ஆறுக்கும் இடையில் மெல்ல வருகிறது. கையின் சிறு தசைகள் தேற வேண்டும். அதற்குக் கொப்பியைவிட நல்ல பயிற்சி இந்தப் பண்டிகை நாட்களின் குசினியில் இருக்கிறது. கொழுக்கட்டையின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மூடுவதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் எப்படிச் சேருகின்றனவோ, பென்சிலுக்கும் அப்படியேதான் சேர வேண்டும். பயற்றம் உருண்டை பிடிப்பது, கடலையைப் பொறுக்குவது, பூக்களை நூலில் கோர்ப்பது, முறுக்கு உரலை அம்மம்மாவோடு சேர்ந்து அமுக்குவது எல்லாம் எழுத்துக்கு முந்திய எழுத்துவேலை. எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் மட்டும் விடாதீர்கள். வெள்ளவத்தையில் இப்போது பலகாரம் பெட்டியில் வாங்கிவிடுகிறார்கள், அலுவலகம் போகும் தாயிடம் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஒரு மாலை நேரம், ஒரு கோப்பை மா, ஒரு தேங்காய்ப்பூக் கிண்ணம் இருந்தாலே போதும்.

அதே குசினி விடுமுறைக்குப் பிந்திய அழுகைக்கும் உதவும். பிள்ளை தன் கையால் பிடித்த கோணல்மாணலான இரண்டு உருண்டையைச் சிறு டப்பாவில் போட்டு, "இது ரீச்சருக்கு" என்று கொடுத்துவிட்டுப் பாருங்கள். விடுமுறை வீட்டுக்கும் நேர்சரிக்கும் இடையில் ஒரு பாலம் அது. கையில் கொடுக்க ஒன்று இருக்கும் பிள்ளை கேற்றைத் தாண்டுகிறது. வகுப்பிலும் தீபாவளியைப் பற்றிப் பேச இடம் கொடுத்தால் நல்லது. புதுச் சட்டை, பூவாணம், ஊரில் பார்த்த ஆட்டுக்குட்டி என்று எல்லாவற்றையும் சொல்ல விடும் ஆசிரியையின் வகுப்பு இரண்டு நாளில் அடங்கிவிடும். தீபாவளி கொண்டாடாத வீட்டுப் பிள்ளை அன்று பேசாமல் இருக்கும், அதற்குப் டிசெம்பர் வரும், றமழான் வரும், வெசாக் வரும்.

எல்லா அழுகையும் பழகும் அழுகை என்று விட்டுவிடவும் முடியாது. தாய் போய்ப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓய்ந்து, பிள்ளை விளையாடி, சாப்பிட்டு, வீடு வந்து பாட்டுப் பாடினால் பயமில்லை. நான்கு ஐந்து வாரமாகியும் நாள் முழுவதும் அழுகை, வீட்டிலும் சாப்பாடு இறங்காமை, இரவில் திடுக்கிட்டு எழும்புதல், முன்பு இல்லாமல் படுக்கை நனைத்தல், குறிப்பிட்ட ஓர் ஆளின் பெயரைக் கேட்டாலே சுருங்குதல் ஆகியன தெரிந்தால் காரணத்தைத் தேட வேண்டும். "ஏன் அழுதனி?" என்று விசாரிப்பதைவிட, பொம்மைகளை வைத்து நேர்சரி விளையாட்டு விளையாடினால் பிள்ளை தானாகக் காட்டிக்கொடுக்கும். பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளின் மனநலத்துக்கான சேவை உண்டு. அடியோ துன்புறுத்தலோ என்ற சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

ஒழுங்கையில் அந்த ஓட்டோ இன்னும் நிற்கிறது. ஆசிரியை கேற்றைத் திறந்துகொண்டு வந்து, குனிந்து, பிள்ளையின் புதுச் சப்பாத்தைப் பார்த்து, "இது தீபாவளிக்கு ஆர் வாங்கித் தந்தது?" என்று கேட்கிறார். விம்மலுக்கு இடையில் "அம்மப்பா" என்று பதில் வருகிறது. "அம்மப்பா வேற என்ன வாங்கித் தந்தவர்?" கேட்டபடியே கையை நீட்டுகிறார். பிள்ளை ஒரு கையால் தாயின் துணியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைக் கொடுக்கிறது. "அம்மா இப்ப ஒபிசுக்குப் போட்டு வாறன், சாப்பிட்டு, பாட்டுப் பாடி, சப்பாத்துப் போட்டாப் பிறகு அம்மம்மா வருவா" என்று தாய் சொல்கிறார். அழுகை கொஞ்சம் கூடுகிறது. துணியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கழலுகின்றன. காலி வீதிக்கு ஏறும் திருப்பத்தில் தாய் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். கேற்றடியில் யாரும் இல்லை.